இலந்தை மரத்தடித் தண்ணீர்

அக்கா வீட்டுப் பூஜை அலமாரியில் பன்னிரண்டு வருஷம் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. முருகன் படத்துக்கும், காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய லட்சுமிக்கும் நடுவில். உள்ளே முக்கால் அளவுக்குத் தண்ணீர். அமிர்தசரஸிலிருந்து நான்தான் கொண்டு வந்து கொடுத்தேன். 2007இல் அக்கா அந்த வீட்டைவிட்டு வந்தபோது மகளையும் ஒரு துணிப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டில் அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமலே ரொம்ப நாள் ஓட்டிவிட்டேன்.

1995 ஜனவரி. நெல்லையில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிச் சுற்றுலா டெல்லி, ஆக்ரா, அமிர்தசரஸ் என்று முடிவானது. டெல்லி, ஆக்ராவுக்குத் தலையாட்டிய அப்பா பஞ்சாப் என்றதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். "அங்க பஸ்ஸ நிறுத்தி இறக்கிச் சுட்டுட்டுல்லா இருந்தான்" என்றார். அப்பா சொன்னதில் தப்பில்லை. 1984இல் ராணுவம் பொற்கோவிலுக்குள் நுழைந்தது முதல் கிட்டத்தட்டப் பத்து வருஷம் பஞ்சாப் என்றாலே எங்கள் வீட்டுக்கு வந்தது சாவுச் செய்திதான். அது ஒருவாறு ஓய்ந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

பொங்கலுக்கு அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாவது பொங்கல். ராத்திரி படுக்கப் போகும்போது என் கையில் மூன்று நூறு ரூபாய் நோட்டுகளைத் திணித்தாள். பலமுறை மடித்து மடித்து, ஓரம் நைந்துபோன நோட்டுகள். "மிச்சம் பிடிச்சது. நான் பேசிக்கிடுதேன் அப்பாட்ட. நீ போயிட்டு வா ட்டீ. நாம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது ஊரப் பாக்கட்டும்."

நோட்டை நீட்டும்போது ரவிக்கைக் கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேல் வரிசையாக நான்கு நீலத் தடங்கள்.

"என்னக்கா இது?"

"கிணத்தடியில வழுக்கிட்டேன்."

கிணற்றடியில் வழுக்கினால் விரல் தடம் விழாது. அது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. காலையில் அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி, அந்த இடத்தில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை, அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு ஆற ஆற மறுபடி வறுத்தார்கள். அவ்வளவுதான்.

அத்தானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார். பீடி சிகரெட் கிடையாது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஊரில் கணக்கு வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பொண்டாட்டியை அடிப்பவன் என்றால் சாராய நாற்றத்தோடு தள்ளாடி வருபவன் என்று சினிமா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அத்தான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சத்தம் வெளியே போகாமல் அடிப்பவர். முகத்தில் அடிக்க மாட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

நெல்லை எக்ஸ்பிரஸ், பிறகு ஜி.டி. எக்ஸ்பிரஸ், டெல்லியிலிருந்து இன்னொரு ரயில் என்று நாற்பது பெண்களும் நான்கு மேடங்களும் அமிர்தசரஸ் போய் இறங்கியபோது ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது. அப்படி ஒரு குளிரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு ஸ்வெட்டர், அதற்கு மேல் வீட்டுப் போர்வை. தங்குவதற்குச் சொல்லி வைத்திருந்த இடத்தில் ஏதோ குழப்பம். இந்தி மேடம்தான், "குருத்வாராவுக்கே போயிடுவோம்" என்றார். கோவிலை ஒட்டியிருந்த சத்திரத்தில் காவிநிறத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் எங்களைத் தலை எண்ணினார். ஒரு பெரிய கூடத்தைத் திறந்துவிட்டார். பாயும் கம்பளிகளும் வந்தன. பிறகு கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டீர்களா என்கிறார்.

அந்த நேரத்திலும் லங்கரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். எவர்சில்வர் தட்டுகள் எங்கோ கழுவப்படும் சத்தம் மழை மாதிரி விடாமல் கேட்டது. பருப்பு, ஒரு கூட்டு, பாயசம். சப்பாத்தியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால்தான் தருவார்கள். என் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் நல்ல சால்வை போர்த்திய ஒரு பணக்கார அம்மாள், எதிரே பிச்சைக்காரர் போலிருந்த ஒரு கிழவர். எல்லாருக்கும் ஒரே பருப்பு. நான் மேடத்திடம் மெதுவாகக் கேட்டேன்: "நாம யாரு, எந்த மதம், எதுக்கு வந்திருக்கோம்னே கேக்கலியே மேடம்?"

"பசிச்சு வந்தவங்ககிட்ட அதெல்லாம் எதுக்குக் கேக்கணும்?" என்றார் மேடம், சப்பாத்தியைப் பிய்த்தபடியே. அந்தப் பதிலின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. பசி தீர்ந்த சந்தோஷம் மட்டும்தான்.

மறுநாள் விடியற்காலையில் கோவிலுக்குள் போனோம். நம் கோவில்களில் ஏறிப் போவோம், அங்கே படியிறங்கிப் போக வேண்டும். வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனால் பனிமூட்டத்துக்குள் குளம். குளத்து நடுவில் பொன் மங்கலாகத் தெரிந்தது. ஹர்மந்திருக்கு நான்கு பக்கமும் வாசல், எந்தத் திசையிலிருந்து எவர் வந்தாலும் நுழையலாம் என்பதற்காக என்று மேடம் சொன்னார். ஊரை உண்டாக்கியவர் நான்காம் குரு ராம்தாஸ். கோவிலைக் கட்டியது அவர் மகன் குரு அர்ஜன். 1604இல் ஆதி கிரந்தத்தை அங்கே வைத்தார்கள். வரலாற்று மாணவிகள் என்பதால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம்.

குளக்கரையின் கிழக்குப் பக்கம் ஓர் இலந்தை மரம். அதன் பேர் துக் பஞ்சனி பேரி. துயரம் தீர்க்கும் இலந்தை. மரத்தடியில் பெண்கள் முங்கி எழுவதற்குத் தடுப்பு கட்டியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி கதை சொல்ல, மேடம் மொழிபெயர்த்தார்.

பட்டி என்ற ஊரில் துனி சந்த் என்று ஒரு வரிவசூல் அதிகாரி. மகள்களைக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சோறு போடுவது யார்?" என்று கேட்டான். எல்லாரும் "நீங்கள்தான் அப்பா" என்றார்கள். கடைசி மகள் ரஜ்னி மட்டும் "கடவுள்" என்றாள். அப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. பார்க்கலாம் உன் கடவுளை என்று ஒரு தொழுநோயாளிக்கு அவளைக் கட்டி வைத்தான். அவள் புருஷனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் பிச்சை எடுத்தாள். ஒருநாள் இந்த மரத்தடியில், அப்போது சின்னக் குட்டையாக இருந்த தண்ணீர் ஓரத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாடு தேடப் போனாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புக் காக்கைகள் தண்ணீரில் முங்கி வெள்ளையாக எழுந்து பறந்தன. அவனும் ஊர்ந்து போய் முங்கினான். உடம்பு முழுதும் குணமாகிவிட்டது. அடையாளத்துக்காக ஒரு விரலை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்திருந்தானாம். திரும்பி வந்த ரஜ்னி அவனை நம்பவில்லை. என் புருஷனை என்ன செய்தாய் என்று சண்டைக்கு நின்றாள். விரலைக் காட்டியும் தீரவில்லை. குரு வந்து சொன்ன பிறகுதான் நம்பினாள்.

"அய்யோ, இது நம்ம நளாயினி கதைல்லா!" என்று கத்திவிட்டேன். எங்கள் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. தொழுநோயாளிக் கணவனைக் கூடையில் சுமந்துகொண்டு, அவன் ஆசைப்பட்டான் என்று தாசி வீட்டுக்கே கொண்டுபோன பத்தினி. இரண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம், பாஷை தெரியாத ஊரில், அதே கூடையைப் பார்த்ததில் எனக்கு அப்படி ஒரு குதூகலம். இந்தியா ஒன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பத்தொன்பது வயது.

அங்கேயே ஒரு பாட்டில் வாங்கித் தண்ணீர் பிடித்தேன். அக்காவை நினைத்துக்கொண்டு பிடித்தேன்.

ஊருக்கு வந்ததும் பாட்டிலோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போன நேரம். ரஜ்னி கதையை நன்றாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். நளாயினியையும் சேர்த்துக்கொண்டேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கேட்டாள்.

"விரலு மட்டும் அப்படியே இருந்துச்சாக்கும்?"

"ஆமாக்கா."

"ம்" என்றாள். பாட்டிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

நான் செய்ததை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அடிபட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய், சுமந்துகொண்டே இரு, ஒருநாள் சரியாகிவிடும் என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டு, அதற்குச் சாட்சியாகத் தண்ணீரும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் என்னை நம்பினாள். தினம் ராத்திரி அத்தான் குடிக்கிற சொம்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுவாளாம். "குறையக் குறையப் பைப்புத் தண்ணிய ஊத்தி வச்சுக்கிட்டேன். கொஞ்சமாவது பழசு உள்ள கிடக்கும்லா." இதை அவள் எனக்குச் சொன்னது பதினைந்து வருஷம் கழித்து. சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் அக்கா ஏழு தடவை அம்மா வீட்டுக்கு வந்தாள், ஏழு தடவை திரும்பிப் போனாள். ஒவ்வொரு தடவையும் அத்தான் நாலாம் நாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார். நடுக்கூடத்தில் பெரியவர்கள் உட்காருவார்கள். "ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை?" என்பார் மாமா. "கோவக்காரன்தான், ஆனா உழைப்பாளி" என்பாள் சித்தி. அம்மா, "பொறந்த வீட்டுல எத்தன நாளைக்கு ட்டீ இருப்ப?" என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அத்தான் குனிந்த தலையோடு, "இனிமே நடக்காது" என்பார். அந்த நேரத்தில் அவர் நடித்தார் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம், இரண்டு மாதம் நன்றாகவே இருப்பார். பிறகு பருப்பு டப்பாவில் அளவு குறைந்திருக்கும். யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள் என்று இருக்கும். மறுபடியும் கதவு சாத்தப்படும்.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா தானாகவே பையை எடுத்துவிட்டாள். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாரப்ப நான் இங்க கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். நான் தடுத்திருக்கலாம். நானும்தான் சொன்னேன்: "கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேங்கா." அந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தியதில்லை. அக்காவும் கூட.

ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று இன்றும் கேட்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். கையில் காசில்லாதது ஒன்று. பிள்ளை ஒன்று. தங்கச்சி கல்யாணம் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி ஒன்றே: "நீ என்ன செஞ்சே?" 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், சில காரணங்களுக்காகப் புருஷன் அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 45 பேர். ஆண்கள் 44. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு நடுக்கூடம்தான் கண்ணில் வந்தது. மாமா, சித்தி, அம்மா, நான்.

அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒருநாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "இது என்ன தண்ணிம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா ரஜ்னி கதையைச் சொல்லியிருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "சரிம்மா, அந்தப் பொண்ணோட அப்பாவ யாருமே ஒண்ணும் கேக்கலியா?"

நான் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன், எனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் பெற்ற மகளைத் தூக்கிக் கொடுத்தவன் கதையிலிருந்து சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறான். மிச்சக் கதை முழுக்கச் சுமந்தவளுக்குத்தான் பரீட்சை. "அவ கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் போச்சு ட்டீ" என்று அக்கா பின்னால் சொன்னாள். அதற்கு அடுத்த மாதம், அத்தான் முதல்முறையாக மகள் மேல் கை ஓங்கிய ராத்திரி, அக்கா கிளம்பிவிட்டாள். எட்டாவது தடவை. இந்த முறை அம்மா வீட்டுக்குப் போகவில்லை. மதுரை பஸ் ஏறினாள்.

மாட்டுத்தாவணியிலிருந்து போன் வந்தபோது மணி இரண்டரை. என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துப் போய் அழைத்து வந்தார். அக்காவின் உதடு கிழிந்திருந்தது. முகத்தில் அடிக்க மாட்டார் என்ற கணக்கும் தப்பிப்போயிருந்தது. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, "என்னக்கா ஆச்சு? என்ன நடந்துச்சு?" என்று. அந்த நொடியில் ஏனோ அந்தத் தலைப்பாகைப் பெரியவர் கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. கேள்வியை முழுங்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். ரவை இருந்தது. உப்புமா கிண்டினேன். இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பாய் விரித்தேன். மூன்று நாள் நான் ஒன்றுமே கேட்கவில்லை. நாலாம் நாள் அவளாகவே பேச ஆரம்பித்தாள். பேசி முடிக்க ஒரு வாரம் ஆனது.

ஆரஞ்சுப் பழத்தோடு அத்தான் வந்தார். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, "அவங்க பாக்க விரும்பல" என்றார். அத்தோடு மாமா, சித்தி எல்லாரும் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தைக் கெடுத்தவள் நான்.

காவல் நிலையத்துக்குப் போனோம். தமிழ்நாட்டில் 1992லிருந்தே மகளிர் காவல் நிலையங்கள் உண்டு. நாங்கள் போன இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா அக்காவின் உதட்டைப் பார்த்துவிட்டு, "வயசுப் பிள்ளய வச்சுக்கிட்டு எதுக்கும்மா இதெல்லாம்? கூப்பிட்டு விசாரிச்சு அனுப்புறோம், அனுசரிச்சுப் போ" என்றார். நடுக்கூடம் அங்கேயும் போடப்பட்டிருந்தது. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மாதான் வேறு வழி சொன்னார்.

அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. புகார் கொடுத்தால் பிள்ளையோட அப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், மகளுக்கு நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று. கணவனின் கொடுமைக்கான 498ஏ பிரிவு 1983லிருந்து இருந்தது, அது குற்ற வழக்கு. 2005இல் வந்து 2006 அக்டோபரில் அமலான குடும்ப வன்முறைச் சட்டம் வேறு மாதிரி என்று வக்கீலம்மா விளக்கினார். இதில் மாஜிஸ்ட்ரேட்டிடம் நேராக மனு கொடுக்கலாம். பாதுகாப்பு அலுவலர் என்று மாவட்டத்தில் ஒருவர் இருப்பார், அவர் நடந்ததை அறிக்கையாக எழுதுவார். இவளை நெருங்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் இவள் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். செலவுக்குப் பணம் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் ஜெயில். அடி மட்டும் வன்முறை இல்லை, கேவலமாகப் பேசுவதும், சம்பாத்தியத்தைப் பிடுங்கிக்கொள்வதும், செலவுக்குக் கொடுக்காமல் வதைப்பதும் அதில் சேரும் என்றபோது அக்கா, "பருப்பு டப்பாவ அளந்து பாக்குறதும் சேருமா?" என்று கேட்டாள். வக்கீலம்மா எழுதிக்கொண்டார்.

அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. வாய்தா, வாய்தா. கடைசியில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது, மாசம் ஒரு தொகையும் கிடைத்தது. தொகை ஏழெட்டு மாதம் வந்தது, பிறகு நின்றது. அதற்கு மறுபடி அலைய அக்கா மறுத்துவிட்டாள். அதற்குள் எங்கள் தெருவிலேயே ஓர் அறை பிடித்து, தையல் மிஷின் போட்டு, ரவிக்கை தைக்க ஆரம்பித்திருந்தாள். "அந்தப் பேப்பர் எனக்கு வேண்டியிருந்துச்சு ட்டீ. நான் பொய் சொல்லலன்னு கவர்மெண்டு எழுதிக் கொடுத்த பேப்பர்" என்றாள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறாள்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் 'ப்ரவோக்டு' படத்தை டி.வி.டி.யில் போட்டேன். கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண்ணின் கதை. கல்யாணமாகி இங்கிலாந்து போனவர். பத்து வருஷம் புருஷனிடம் அடியும் சூடும் பட்டவர். 1989இல் ஒருநாள் ராத்திரி அவன் தூங்கும்போது தீ வைத்தார், அவன் இறந்துபோனான். கொலை என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, அதே வருஷம் அவர் விடுதலையானார். படம் பாதி ஓடும்போது அக்கா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"மண்ணெண்ணெய் கேனப் பாத்துக்கிட்டு நானும் நின்னிருக்கேன். அவரு மேல ஊத்தவா, எம்மேல ஊத்தவான்னு. ரெண்டு தடவ. பிள்ள அழுதா, உள்ள போயிட்டேன்."

நம் ஊரில் பெரும்பாலும் தன் மேல்தான் ஊற்றிக்கொள்கிறார்கள். ஸ்டவ் வெடித்தது என்று பேப்பரில் வரும். கிரண்ஜித் ஏன் பத்து வருஷம் பொறுத்துக்கொண்டார் என்பதற்குப் பஞ்சாபியில் ஒரே சொல் போதும்: இஸ்ஸத். நம் ஊர் மானம்தான் அது. லங்கர் நடத்துகிற சமூகத்திலும் அந்தச் சொல் கதவைச் சாத்தத்தான் செய்கிறது. இத்தனைக்கும் அவர்கள் வேதத்திலேயே, லங்கரில் எல்லாருக்கும் நெய் விட்ட பாயசம் பரிமாறிய பெண் என்று இரண்டாம் குருவின் மனைவி மாதா கீவியின் பெயர் வருகிறது. ஊரார் பசிக்குத் திறக்கும் கதவு வீட்டுப் பெண்ணின் வலிக்கு ஏன் திறக்கவில்லை என்பது பஞ்சாபுக்கு மட்டுமான கேள்வி இல்லை. அன்னதானம் போடாத ஊர் நம்மிடம் எது?

2019 டிசம்பரில் அக்காவை அமிர்தசரஸுக்குக் கூட்டிப் போனேன். மகளுக்கு வேலை கிடைத்து முதல் போனஸில் அவள்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். வாசல் முன்னால் பளிங்கு போட்டு அகலமாக்கியிருந்தார்கள், கூட்டம் பல மடங்கு. பனி மட்டும் அதே பனி. லங்கரில் சாப்பிட்ட பிறகு அக்கா எழுந்து வரவில்லை. பூரிக்கட்டை வைத்துச் சப்பாத்தி தேய்க்கிற பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பாஷை தெரியாது. இரண்டு மணி நேரம் தேய்த்தாள். முதலில் வட்டமே வரவில்லை, எல்லாம் இலங்கைப் படம் மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். வேற்று ஆள் கையைப் பிடித்தால் சட்டென்று இழுத்துக்கொள்ளும் பழக்கம் அக்காவுக்கு உண்டு. அன்று இழுத்துக்கொள்ளவில்லை.

சாயந்திரம் இலந்தை மரத்தடிக்குப் போனோம். மரத்துக்கு இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். அக்கா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இருபத்துநாலு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "அந்தக் கதைய நான் உங்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "நீ கதைய ஒழுங்காத்தான் சொன்ன. நான்தான் சரியாக் கேக்கல" என்றாள் பிறகு. "அவ கூடைய இறக்கி வச்சுட்டுப் போனதுக்கு அப்புறம்தானட்டீ அவன் எந்திரிச்சே தண்ணிக்குப் போனான். தலையில இருந்த வரைக்கும் அவனுக்கு எதுக்குக் காலு?"

அத்தான் எழுந்து எந்தத் தண்ணீருக்கும் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவர் அப்படியேதான் இருக்கிறார், ஊரில் இன்னும் கணக்கு வழக்குக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இறக்கி வைத்ததில் குணமானது அக்காவின் கழுத்து மட்டும்.

கிளம்பும்போது வழியில் பாட்டில் விற்கும் பையன் கூப்பிட்டான். நான் அக்காவைப் பார்த்தேன். "வேண்டாம் ட்டீ, பையில இடமில்ல" என்றாள். பையில் இடம் இருந்தது.

போன மாதம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். எதிர் வரிசையில் புதிதாகக் குடிவந்த பெண், இடுப்பில் குழந்தை. கன்னத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. "வீட்டுல கரண்டு இல்லக்கா" என்றாள். தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா, "உள்ள வா" என்று மட்டும் சொல்லிவிட்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். அந்தப் பெண் நாலு தோசை சாப்பிட்டாள். அங்கேயே பாயில் படுத்தாள். தூங்கப் போகும் முன் அக்கா ஒரு துண்டுத் தாளில் தன் போன் நம்பரையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் எழுதி, அவள் குழந்தையின் சட்டைப்பையில் மடித்து வைத்தாள்.

காலையில் நான் எழுந்தபோது பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் விடியுமுன்னே திரும்பிப் போய்விட்டாள்.

"போக விட்டுட்டியேக்கா" என்றேன்.

அக்கா மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "நானும் ஏழு தடவ போனவதான" என்றாள். "அவளுக்கு இப்ப கதவு தெரியும்லா."